அடக்கப் பதிவேட்டில் என் வீட்டுக்காரர்

என் வீட்டுக்காரர் இறந்து, அடக்கமாகி, பதினோரு வருஷம் ஆகிறது என்று சபை அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் வந்தபோது, அவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்கு எதிரே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். காலை ஒன்பது மணி இருக்கும். நான் ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருந்தேன்.

கொதிப்புக்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்குச் சர்க்கரை நோய். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஏணியில் நின்று மாடிமாடியாகப் பெயிண்ட் அடித்த மனுஷன், அதற்குப் பிறகு ஒரு பெயிண்ட் கடையில் உட்கார்ந்து நிறம் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது வலது கால். பாதம் கறுத்துவிட்டது, விஷம் மேலே ஏறுகிறது. இன்று மதியம் இரண்டு மணிக்குள் எடுத்தால் ஆள் பிழைப்பார், விட்டால் ஒரு வாரம் தாங்க மாட்டார் என்று டாக்டரம்மா நேற்றே பட்டென்று சொல்லிவிட்டார். தியேட்டர் தயார், ரத்தம் தயார். படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டிய மகராசன் மட்டும் தயாராக இல்லை.

"எப்படியும் கர்த்தர் புது உடம்பு தரப்போறார். பழசை எதுக்கு வெட்டி ஒட்டுப் போட்டுக்கிட்டு?" என்றார். ஏதோ கிழிந்த சட்டையைப் பற்றிப் பேசுவது போல.

நான் இருபத்தாறு வருஷமாக பஸ் கண்டக்டர். எத்தனையோ வம்புக்காரர்களைப் பின் படிக்கட்டு வழியாக இறக்கிவிட்டிருக்கிறேன். ஆனால் சிரித்துக்கொண்டே வம்பு பண்ணுகிறவரை என்ன செய்வது? புது பஸ் வரப்போகிறது என்பதற்காக ஓடுகிற பஸ்ஸை யாராவது நடுரோட்டில் நிறுத்துவார்களா என்று கேட்டேன். "விசில் ஊதாதே கண்டக்டர், என் ஸ்டாப் வந்துடுச்சு" என்று செய்தித்தாளைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். நான் கத்துவேன், அவர் பக்கத்தைத் திருப்புவார்.

போதாக்குறைக்கு என் நாத்தனார், அவருடைய தங்கை, தலைமாட்டில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தர் பார்த்துக்குவார் அண்ணி" என்று காலையிலிருந்து ஒன்பதாவது தடவையாகச் சொல்லிவிட்டாள். கர்த்தர் பார்த்துத்தான் இந்த டாக்டரம்மாவை அனுப்பியிருக்கிறார், அனுப்பினதை வாங்கிக்கொள்ளத்தான் இங்கே ஒருத்தருக்கும் கை நீளவில்லை என்று நான் சொன்னதற்கு அவள் பத்தாவது தடவையும் சொன்னாள். நல்லவள்தான். அன்றைக்கு எனக்கு நல்லவர்கள் யாரையும் பிடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் போன். சபை அலுவலகத்தின் புது குமாஸ்தா. எடுத்த எடுப்பில் தன் அனுதாபத்தைத் தெரிவித்துக்கொண்டார். யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதவில்லையாம். பத்து வருஷத்துக்கு மேல் யாரும் வந்து பார்க்காத கல்லறைகளைச் சமப்படுத்தி வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போகிறார்களாம். வேண்டும் என்கிறவர்கள் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இன்று பகல் பன்னிரண்டு மணிதான் கடைசி. "உங்க வீட்டுக்காரர் கல்லறை பட்டியல்ல இருக்கும்மா. ரொம்ப வருஷமா நீங்க வரலை போலிருக்கு" என்றார், லேசாகக் கண்டிக்கிற குரலில்.

வராந்தாவுக்கு வந்து அந்த ஆளை ஒரு பிடி பிடித்தேன். அவர் அசரவில்லை. பெயர் படித்தார், என் வீட்டுக்காரர் பெயர். தொழில் பெயிண்டர். எங்கள் வீட்டு எண், எங்கள் தெரு. வயது கூட்டிப் பார்த்தால் சரியாக இருந்தது. எல்லாமே சரி, ஆள் சாகவில்லை என்பதைத் தவிர.

வேறொரு நாளாக இருந்தால் போனை வைத்துவிட்டுச் சிரித்திருப்பேன். சகுனம், சாஸ்திரம் எல்லாம் நம்புகிறவள் இல்லை நான். ஆனாலும் இன்றைக்கென்று பார்த்து, அவர் செத்துவிட்டதாக ஒருவர் புத்தகத்தைப் பார்த்து வாசித்தால் சும்மா விட முடியுமா? அந்தப் பெயரை என் கண் முன்னால் அடிக்க வைக்காமல் விடுவதில்லை என்று ஒரு வெறி வந்தது. நாத்தனாரிடம் ஒரு மணிக்குள் வந்துவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

வாசலில் என்னுடைய தடத்து பஸ்ஸே வந்து நின்றது. ஓட்டுநர் என் கூட வேலை பார்க்கிற தம்பி. என்னக்கா இந்த நேரத்தில் என்றான். என் வீட்டுக்காரர் சாகவில்லை என்று சொல்லப் போகிறேன், சீக்கிரம் ஓட்டு என்றேன். வாயைத் திறந்தவன் மூட மறந்து, அப்படியே ஓட்டினான். அவன் அப்படி ஓட்டி நான் பார்த்ததில்லை.

சபை அலுவலகம் ஒரு சின்ன அறை. இரும்பு அலமாரி, மர மேஜை, அதற்குப் பின்னால் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு ஒல்லியாகக் குமாஸ்தா. அடக்கப் பதிவேட்டை விரித்தே வைத்திருந்தார். அவர் விரலை வைத்த இடத்தில் என் வீட்டுக்காரர் முழுசாக இருந்தார். பெயர், தகப்பன் பெயர், தொழில், வயது, தேதி, கல்லறை எண் இருநூற்றுப் பன்னிரண்டு. வரிசையின் கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம். அதில் பழைய போதகரின் நுணுக்கமான எழுத்து. அந்தக் கட்டத்தைக் குமாஸ்தா படிக்கவே இல்லை. நான் படித்தேன்.

'ஒரு பகுதி மட்டும். மீதி பிறகு.'

இரண்டு தடவை படித்தேன். தேதியைப் பார்த்தேன். கால் எடுத்த மறுநாள்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். துக்க வீட்டுக்காரி சிரிக்கிறாளே என்று குமாஸ்தா தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. பிறகு அவரே யோசித்து விளக்கினார். எதைப் புதைத்தாலும் பதிவு இல்லாமல் புதைக்கக்கூடாது என்பது சபையின் விதி. பதிவேட்டில் ஆள் பெயருக்குத்தான் கட்டம் இருக்கிறது, காலுக்குக் கட்டம் இல்லை. பழைய போதகர் விதியை மீறாத மனுஷர். அதனால் காலின் சொந்தக்காரரை எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்.

வெட்டிய காலை ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிட்டதாகத்தான் என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். பதினோரு வருஷம் ஒரு காலை மறைத்து வைத்திருக்கிறார் பாருங்கள். போய்ப் பேசிக்கொள்கிறேன் என்று கறுவிக்கொண்டே, முதலில் இந்தப் பெயரை அடியுங்கள் என்றேன். குமாஸ்தா பேனாவை எடுத்தவர் தயங்கினார்.

"இருநூத்துப் பன்னிரண்டு சின்னப் பிள்ளைங்க பகுதிம்மா. அதுல ஏற்கெனவே ஒரு பதிவு இருக்கும்" என்று அலமாரியிலிருந்து பழைய பதிவேட்டை எடுத்துத் தூசி தட்டினார்.

பக்கத்தைத் திருப்பி ஒரு வரியைக் காட்டினார். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய தேதி. பெண் குழந்தை. வயது ஆறு மணி நேரம். கொண்டுவந்தவர், தகப்பன்.

எங்கள் மகள். பிரசவத்தில் எனக்கு ரத்தம் நிற்கவில்லை, நான்கு நாள் நினைவில்லாமல் கிடந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நான் அவளைப் பார்க்கவில்லை. தூக்கவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்த எடை மட்டும்தான் எனக்குக் கிடைத்தது. இரண்டு கிலோ எண்ணூறு. எனக்குக் காட்டாமல் எப்படிப் புதைத்தீர்கள் என்று அவரைக் கிழி கிழியென்று கிழித்தேன். அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது, இனிமேல் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாலும் வீட்டை விட்டுப் போய்விடுவேன் என்றேன். அந்தத் தோட்டத்தில் கால் வைக்க மாட்டேன் என்றேன். இருபத்து மூன்று வருஷம் அவர் பேசவும் இல்லை, நான் கால் வைக்கவும் இல்லை. எங்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை.

மணி பத்தரை. அங்கே ஆஸ்பத்திரியில் ஒரு மனுஷன் சாக அடம்பிடித்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு மேல் இவளுடைய இடமும் சமமாகிவிடும். திரும்பி ஓடிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் வாய், இருநூற்றுப் பன்னிரண்டு எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவரை எல்லோரும் சல்யூட் என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே வருகிற எல்லோருக்கும் சல்யூட் அடிப்பார், சவப்பெட்டிக்கும் அடிப்பார். எனக்கும் அடித்தார். எண்ணைச் சொன்னதும் கையை இறக்கிவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"பெயிண்டர் வீட்டு அக்காவா?" என்றார். "வாங்க. இவ்வளவு நாள் கழிச்சாவது வந்தீங்களே."

சின்னப் பிள்ளைகள் பகுதி மேட்டுக்கு மேலே. செங்குத்தான ஒற்றையடிப் பாதை, சரளைக்கல். எனக்கே மூச்சு வாங்கியது. ஏறிக்கொண்டே சல்யூட் சொன்னதை என்னால் நம்பவே முடியவில்லை. கால் போகிறவரைக்கும் பெயிண்டர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மத்தியானம் வருவாராம். ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அந்த வாரம் எந்தத் தெருவில் எந்த வீட்டுக்கு என்ன நிறம் அடித்தார் என்று பாப்பாவுக்குச் சொல்வாராம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஏதோ ஏலச்சீட்டுக் கூட்டம் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போவார். அத்தனை வருஷத்தில் ஒரு சீட்டு கூட விழவில்லையே என்று நான் எத்தனை தடவை திட்டியிருக்கிறேன்.

"அந்தக் கால் விவகாரம்?" என்று கேட்டேன்.

சல்யூட் நின்றார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் அவரை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினாராம் என் வீட்டுக்காரர். சல்யூட் அதை அப்படியே திருப்பிச் சொன்னார். "'இனி என்னால அந்த மேடு ஏற முடியாது தம்பி. ஞாயித்துக்கிழமை அப்பா வரலையேன்னு பாப்பா தேடும். என் காலையாவது அங்க கொண்டுபோய் வை'ன்னார். இன்னொண்ணும் சொன்னார் அக்கா. 'எல்லாரும் எழுந்திருக்கிற அன்னைக்கு, நான் வேற எங்க கிடந்தாலும் காலைத் தேடிக்கிட்டு முதல்ல அங்கதான் வந்தாகணும். அவ கண்ணைத் திறக்கிறப்ப எதிர்ல நான் நிப்பேன்'னார்."

அட கிறுக்கு மனுஷா. கடவுளையே இடம் குறித்துக் கட்டிப்போடப் பார்த்திருக்கிறார்.

கல்லறை ஒரு தலையணை அளவுக்குத்தான் இருந்தது. சுற்றிலும் புல்லை ஒட்ட வெட்டியிருந்தார் சல்யூட், பெயிண்டரிடம் வாக்குக் கொடுத்திருந்தாராம். நான் உட்கார்ந்தேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அவர் தானாகவே சொன்னார். அன்றைக்குப் பெட்டியின் மூடியை அடித்தது அவர்தான். "தலை நிறைய முடி அக்கா. காதை மறைக்கிற அளவுக்கு. வலது கையை மட்டும் கெட்டியா மூடி வச்சிருந்துச்சு."

இருபத்து மூன்று வருஷத்தில் என் பிள்ளையைப் பற்றி எனக்கு வந்த முதல் தகவல் அது. முடி இருந்திருக்கிறது. வலது கையை மூடியிருக்கிறாள். என்னையும் தூங்கும்போது வலது கையை மூடிக்கொள்கிறவள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார். நான் அழுதேனா சிரித்தேனா என்று சல்யூட்டைத்தான் கேட்க வேண்டும்.

அதுவரைக்கும் ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். உன் பிள்ளை தேவதூதனாகிவிட்டாள், பரலோகத்தில் சிறகோடு பறக்கிறாள் என்றார்கள். எனக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். சிறகு யாருக்கு வேண்டும்? எனக்கு இரண்டு கிலோ எண்ணூறு வேண்டும். இந்தக் கையில் கனக்க வேண்டும். சரீரம் உயிர்த்தெழும் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் எழுந்து நின்று சொல்கிறோம். டிக்கெட் டிக்கெட் என்று பஸ்ஸில் கத்துவது போலத்தான் நான் அதைச் சொல்லியிருக்கிறேன், அர்த்தம் காதில் ஏறினதே இல்லை. பைத்தியக்காரத்தனமாகத் தன் காலைக் கொண்டுவந்து புதைத்த ஒருத்தர்தான் அதை நிஜமாக நம்பியிருக்கிறார். சரீரம் என்றால் சரீரம். முடி, விரல், நகம், எடை. மண்ணிலிருந்து ஒரு தடவை செய்தவருக்கு இன்னொரு தடவை செய்யத் தெரியாதா? அவளைத் தூக்கப்போகிறேன். நான், இந்தக் கையால். எழுந்து அந்த மேட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன், அவ்வளவு சந்தோஷம். சல்யூட் பயந்துபோய்த் தள்ளி நின்றுகொண்டார்.

காலையில் அந்தப் போன் வராமல் இருந்திருந்தால்? அந்தப் போதகர் காலுக்கு ஒரு கட்டம் போட்டுத் தெளிவாக எழுதியிருந்தால்? அந்தக் குமாஸ்தா குறிப்பைப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால்? ஆண்டவருக்கும் எழுத்தர்களின் தப்பு உபயோகப்படுகிறது. நாத்தனார் சொன்னது சரிதான் என்று அவள் எதிரில் மட்டும் ஒப்புக்கொள்ளக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மறுபடியும் உட்கார்ந்து, மண்ணில் கையை வைத்து அவளிடம் கொஞ்சம் பேசிவிட்டு, இறங்கி ஓடினேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம். குமாஸ்தா நீட்டிய தாளில் தாய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த வார்த்தையை என் பெயருக்குப் பக்கத்தில் எழுதியது அதுதான் முதல் தடவை. அவர் பேனாவைத் திறந்து, இப்போது பெரியவர் பெயரை அடித்துவிடலாமா என்று கேட்டார். தொடாதீர்கள், அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்த ஆளுக்கு என்னைப் புரிந்திருக்காது, பாவம்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் ஏறும்போது மணி ஒன்று இருபது. அறை வாசலில் டாக்டரம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் பேசிப் பார்த்துவிட்டாராம், இன்னும் இருபது நிமிஷத்தில் தியேட்டரை வேறு நோயாளிக்குக் கொடுக்க வேண்டி வரும் என்றார். படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். நாத்தனார் அழுதழுது மூக்கு சிவந்து உட்கார்ந்திருந்தாள். இவருக்குக் காய்ச்சல் ஏறியிருந்தது. கண் மட்டும் சிரித்தது.

"எங்க போய்ச் சுத்திட்டு வர்றே?" என்றார்.

"நீங்க செத்துட்டதா தகவல் வந்துச்சு. விசாரிக்கப் போனேன்" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் செருப்பைப் பார்த்தார், சரளைத் தூசி. சேலைக்கரையில் ஒட்டியிருந்த மேட்டுப் புல்லைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன வசவு வரப்போகிறதோ என்று பயந்தவர் மாதிரி, அவசர அவசரமாகப் பேச ஆரம்பித்தார். நீயும் பிழைக்க மாட்டாய் என்று சொன்னார்கள், ரெண்டு நாள் உனக்காக வைத்திருந்தேன், அதற்கு மேல் விடவில்லை, உன்னிடம் சொல்ல எத்தனையோ தடவை வாயெடுத்தேன் என்று குழறினார். நான் அவர் வாயைப் பொத்தினேன். எனக்குத் தெரியும் என்றேன். உண்மையில் எனக்கு எப்போதோ தெரியும், கோபத்தை விட மனசில்லாமல் வைத்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னேன்.

பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்துக் கேட்பது போல, "அவகிட்டப் பேசினியா?" என்றார்.

"பேசினேன்."

"என்ன சொன்னே?"

"அப்பா வர இன்னும் நாளாகும்னு சொன்னேன்."

படிவத்தை அவர் பக்கம் நீட்டினேன்.

"பெத்ததுலேருந்து அவகிட்ட நான் சொன்ன முதல் பேச்சு அது. அதைப் பொய்யாக்கிடாதீங்க" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். திரும்பப் போட்டுக்கொண்டார். என் கையிலிருந்த படிவத்தை வாங்கி, எங்கே போட வேண்டும் என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.